கெயோர்கியோன்: கைபட்ட மண்

பண்டைய கொரிந்து

வடக்கே கொரிந்து வளைகுடா வரை சரிந்து இறங்கும் சமவெளியைப் பாருங்கள். இத்தகைய விளைநிலத்துக்குப் பண்டைய கிரேக்கத்தில் ‘கெயோர்கியோன்’ என்று ஒரு சொல் உண்டு. ‘கே’ என்றால் மண், ‘எர்கோன்’ என்றால் வேலை. தரிசுக்கு இந்தப் பெயர் பொருந்தாது. உழவன் கைபட்டிருக்க வேண்டும். வயலையும் உழவுத் தொழிலையும் இதே சொல் குறித்தது. உழவன் ‘கெயோர்கோஸ்’. ஜார்ஜ் என்ற பெயர் அவனிடமிருந்து வந்ததுதான்.

அந்த உழவு வேலையின் நுணுக்கத்தைக் கவிஞர் ஹெசியோட் பதிவு செய்திருக்கிறார். ஏர்க்காலுக்கு லாரல் அல்லது எல்ம் மரம். அவற்றைப் புழு எளிதில் அரிக்காது. கொழு பொருந்தும் கட்டைக்கு ஓக். ஒரு ஏர் முறிந்தால் மாட்டை உடனே மற்றொன்றில் பூட்ட, வீட்டில் இரண்டு ஏர் வேண்டும் என்கிறார்.

கி.பி. 50களில் அப்போஸ்தலர் பவுல் இவ்வூர்க் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தில், அவர்களையே கடவுளின் கெயோர்கியோன் என்றார். தாம் நட்டதாகவும் போதகர் அப்பொல்லோ நீர் பாய்ச்சியதாகவும் சொன்னார். புதிய ஏற்பாட்டில் இச்சொல் வரும் ஒரே இடம் அது. தமிழ் வேதாகமத்தில் அது ‘பண்ணை’ ஆயிற்று. அருமையான தேர்வு: நிலம், ஆள், மாடு, பயிர் எல்லாமே அதற்குள் அடங்கிவிடுகின்றன.