பெயர் அச்சிட்ட காலண்டரும் அலங்கரித்த காரும்

சரக்கு, வரி, வசூல் என்று எழுத எவ்வளவோ இருக்க, இந்த வயதில் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று யாரும் நகைக்க வேண்டாம். 38 லட்ச ரூபாய் நிலுவைக்கு ஈடாக அப்படியொரு கார் விஸ்வநத்தத்தில் நம் கடை வாசலில் வந்து நின்றது. அதை என்ன விலைக்கு மதிப்பது என்ற கேள்வி எழுந்தபோதுதான், இது காரைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல, நம் ஒவ்வொருவரின் பேரேட்டையும் பற்றிய விஷயம் என்று புரிந்தது.

வாசலில் நின்ற கார்

நாம் காகிதமும் அட்டையும் மொத்தமாக விற்பவர்கள். காலண்டர் தொழில் செய்த நண்பர் ஒருவர் முப்பது ஆண்டுகள் நம்மிடம் அட்டை எடுத்தார். ஒரு தவணை தவறியதில்லை. அவர் காலமான பிறகு மகன் தொழிலை நடத்துகிறார். உழைப்பாளிப் பிள்ளை. ஆனால் கார் என்றால் உயிர். 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை 2022இல் இரண்டாம் கையாக 40 லட்சத்துக்கு வாங்கினார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. பெரிய அலாய் வீல், சத்தம் கூடிய சைலன்சர், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், எஞ்சின் கம்ப்யூட்டரில் வேகம் கூட்டும் மாற்றம், பந்தயக் கார் இருக்கை, சிவப்பு வண்டியை மங்கிய கறுப்பாக்கும் ஸ்டிக்கர் என்று மேலும் 9 லட்சம் செலவழித்தார்.

2024 தை மாதம் வெளியூர் வசூல் சரியாக வரவில்லை. நமக்கு 38 லட்சம் நிலுவை. ஒரு நாள் காலையில் காரோடு வந்து சாவியை மேசையில் வைத்தார்.

"பெரியப்பா, வண்டி 40, வேலை 9, மொத்தம் 49 லட்சம். உங்கள் பாக்கி போக 11 லட்சத்துக்கு அட்டை கொடுத்தால் போதும்" என்றார்.

ஏமாற்றும் எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. செலவழித்த பணமெல்லாம் வண்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்றுதான் அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

"தம்பி, ஒரு வாரம் பொறு. விசாரித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பி வைத்தோம்.

சந்தை சொன்ன விலை

மதுரையில் பழைய கார் புரோக்கர் ஒருவர் வண்டியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, வேலை செய்யாத வண்டி என்றால் பத்துப் பேரிடம் காட்டுவேன். இதை ஒருத்தரிடம்தான் காட்ட முடியும். அந்த ஒருத்தர் யார் என்று எனக்குத் தெரியாது" என்றார். கோயம்புத்தூர் வியாபாரி வெளிப்படையாகக் கணக்குச் சொன்னார். அதே ஆண்டு வண்டி, கம்பெனி கொடுத்தபடி இருந்தால் 35 லட்சம். இப்போது இருக்கிற கோலத்தில் 27. கழற்றிய பழைய பாகங்களைத் திரும்ப மாட்டிக் கொடுத்தால் 32 வரை பார்க்கலாம்.

ஏன் இப்படி என்று கேட்டோம். அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை. எஞ்சினில் வேகம் கூட்டியவர் மெதுவாகவா ஓட்டியிருப்பார் என்று வாங்குபவர் சந்தேகப்படுவார். யார் கை வைத்தது, எப்படிச் செய்தது என்பதற்குக் காகிதம் கிடையாது. மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் வைத்திருந்தால், விபத்து நேரும்போது இழப்பீட்டில் சிக்கல் வரும். பழைய பாகம் புதிதாக வாங்கலாம் என்றால் அது இறக்குமதி வண்டி; ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது.

ஆக 49 லட்சம் என்று சொன்ன வண்டி 27 லட்சம். அதை நாம் எடுத்திருந்தால் நண்பர் மகன் முகத்துக்காக 22 லட்சத்தை இழந்திருப்போம்.

நம் ஊருக்குத் தெரிந்த உண்மை

இதைத் தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது அவர் தொழிலே கைகொடுத்தது. ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கிறோம். சாமி படம் அச்சிட்ட காலண்டர் அட்டை குடோனில் இருக்கும்வரை அது சரக்கு. சேலத்து ஜவுளிக்கடையும் வாங்கலாம், நாகர்கோவில் நகைக்கடையும் வாங்கலாம். அதன் கீழே ஒரு கடையின் பெயரையும் போன் நம்பரையும் அச்சிட்ட மறுகணம், உலகத்தில் அதற்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். அவர் வாங்காமல் போனால் பழைய பேப்பர் விலை. அச்சுக்கூலி கூடச் செலவானது உண்மை; ஆனால் அந்தக் கூலி சரக்கின் மதிப்பைக் கூட்டவில்லை, குறைத்துவிட்டது. அதனால்தான் பெயர் அச்சிடும் ஆர்டருக்கு அட்வான்ஸ் வாங்காமல் மெஷினை ஓட்டக்கூடாது என்று அவர் தந்தை சொல்வார்.

"உன் காரில் உன் பெயரை அச்சிட்டுவிட்டாய் தம்பி" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவும் இதைத்தான் சொல்லியிருப்பார்" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது?

விலை குறைவதற்கு இன்னொரு பெரிய காரணம் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பக்கம் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புகளை அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதும் உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

இது காருக்கு மட்டும் அல்ல. தீப்பெட்டி பண்டல் எடை குறைவு, இடம் அதிகம். ஆகவே லோடு வண்டியின் பாடியை ஓரடி உயர்த்தினால் என்ன என்ற ஆசை நம் பகுதியில் பலருக்கும் வரும். ஆர்.சி.யில் ஏறாத அந்த ஓரடி, எஃப்.சி.க்குப் போகும்போது வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடும். உயர்த்திய கூலியும் போயிற்று, வெட்டிய கூலியும் போயிற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

கோடிக்கு ஏலம் போன கார்கள்

தம்பி எளிதில் விடவில்லை. "வெளிநாட்டில் வேலை செய்த கார்கள் கோடிக்கணக்கில் போகின்றனவே?" என்று கேட்டார். அதையும் பார்த்துவிடுவோம் என்று விசாரித்தோம். அவர் சொன்னது உண்மைதான். ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் 2001இல் வந்த படத்தில் ஓட்டிய, ஆரஞ்சு வண்ணம் பூசி அலங்கரித்த 1994 மாடல் டொயோட்டா சுப்ரா, 2021 ஜூன் மாதம் லாஸ் வேகாஸ் ஏலத்தில் ஐந்தரை லட்சம் டாலருக்குப் போனது. 1968இல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய மஸ்டாங், 2020 ஜனவரியில் ஃபுளோரிடா ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது. அந்தக் காரை வைத்திருந்த குடும்பம் 1974இல் 6,000 டாலருக்கு வாங்கியது. படத்துக்காகச் செய்த மாற்றங்களோடு, புது வண்ணம்கூடப் பூசாமல் வைத்திருந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த விலை அலாய் வீலுக்கோ வண்ணத்துக்கோ கிடைத்ததல்ல. உலகமே அறிந்த பெயருக்கும் அதற்கான ஆதாரத்துக்கும் கிடைத்தது. மாற்றம் செய்த கடையின் பெயருக்கே சில இடங்களில் மதிப்பு உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள சிங்கர் நிறுவனம் பழைய போர்ஷே 911 கார்களைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுக்கிறது. அவை மூல வண்டியைவிடப் பல மடங்கு விலை பெறுகின்றன. ஆனால் பொதுவாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் முதலில் கேட்பது, பிறந்தபோது இருந்த எஞ்சின்தானா, எண்கள் தொழிற்சாலை ஏட்டோடு பொருந்துகின்றனவா என்பதைத்தான். பெயரும் ஏடும் இல்லாத மாற்றத்தை அங்கேயும் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

அப்பாவின் அம்பாசிடர்

மாற்றம் என்றாலே நஷ்டம் என்று நாம் சொல்லவில்லை. 1994இல் எங்கள் தகப்பனார் தம் பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் எஞ்சின் மாற்றினார். அக்காலத்தில் தமிழ்நாட்டில் பலரும் செய்ததுதான். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைந்து எஞ்சின் எண்ணையும் எரிபொருளையும் ஆர்.சி. புத்தகத்தில் பதியாமல் வண்டியை வெளியில் எடுக்கவில்லை. 1999இல் விற்றபோது பெட்ரோல் வண்டியைவிட நல்ல விலை வந்தது. வாடகைக் கார் ஓட்டுவோர் நான்கு பேர் போட்டியிட்டார்கள். அவர் செய்த மாற்றம் எல்லோருக்கும் தேவைப்பட்டது, ஏட்டிலும் ஏறியிருந்தது. தம்பி செய்த மாற்றத்தில் இந்த இரண்டும் இல்லை. அன்றைக்கு இருந்ததைவிட இன்று விதிகள் கடுமை என்பதால், எஞ்சினிலோ எரிபொருளிலோ கை வைக்குமுன் அனுமதி வாங்குவது இன்னும் அவசியம்.

முடிவு என்னவாயிற்று?

நாம் காரை எடுக்கவில்லை. தம்பியையே விற்கச் சொன்னோம். மூன்று மாதம் அவகாசம் கொடுத்தோம். அதிர்ஷ்டவசமாகப் பழைய வீலும் சைலன்சரும் இருக்கையும் அவர் குடோனில் அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்தன. ஸ்பிரிங் மட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது. அதை வரவழைக்கத்தான் அதிகம் அலைய வேண்டியிருந்தது. ஸ்டிக்கரை உரித்ததும் உள்ளே சிவப்பு வண்ணம் அப்படியே இருந்தது. பெயிண்ட் அடித்திருந்தால் அதுவும் போயிருக்கும். எல்லாவற்றையும் பழையபடி ஆக்க 1 லட்சத்து 60 ஆயிரம் ஆனது. கழற்றிய அலாய் வீல் தனியாக 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போனது. அதாவது, 9 லட்ச ரூபாய் வேலையில் ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. கையிலிருந்து இன்னும் 40 ஆயிரம் போயிற்று. கார் 32 லட்சத்து 50 ஆயிரத்துக்கு விற்றது. நமக்கு 30 லட்சம் வங்கி மூலம் வந்தது. மீதி 8 லட்சத்தைத் தவணையில் கட்டினார். கடைசித் தவணை 2025 ஆடிப்பெருக்கன்று, புது ஆல்பத்தோடு சேர்ந்து வந்தது.

நாம் கொள்ள வேண்டிய கணக்கு

1. வண்டியை அழகுபடுத்தும் செலவைச் சொந்தச் செலவாக எழுதுங்கள். சொத்து என்று எண்ணி அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

2. எதையும் மாற்றுமுன், ஆர்.சி.யில் ஏறுமா, இன்சூரன்ஸ் ஏற்குமா என்று கேளுங்கள். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுங்கள்.

3. கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். திரும்ப மாட்ட முடிகிற மாற்றம் பாதி நஷ்டம். முடியாதது முழு நஷ்டம்.

4. பில்லையும் ரசீதையும் வண்டியோடு வைத்திருங்கள்.

5. நிலுவைக்கு ஈடாக வண்டி வந்தால், கொடுப்பவர் செலவழித்ததைக் கேட்காதீர்கள். அடுத்து வாங்குபவர் என்ன கொடுப்பார் என்று மூன்று இடத்தில் கேளுங்கள்.

பிள்ளைகள் ஆசைப்படுவதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. உழைத்த காசில் சைலன்சரை மாற்றி ஊர் கேட்க ஓட்டிய அந்த இரண்டு வருடச் சந்தோஷத்துக்கும் ஒரு விலை உண்டுதான். அந்த விலையை அவரவரே கொடுத்துவிட வேண்டும். அடுத்தவர் பேரேட்டில் ஏற்றக்கூடாது. இப்போது தம்பி சாதாரண கார் ஒன்று வைத்திருக்கிறார். சென்ற மாதம் அட்டை எடுக்க வந்தபோது, "பெரியப்பா, இதில் ஸ்டீயரிங் உறை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன்; பழையதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றார். நாமும் சிரித்துக்கொண்டே கேட்ட அட்டையைக் கடனுக்குக் கொடுத்து அனுப்பினோம்.