பெயர் ஓரிடம், நோய் வேறிடம்

நெஞ்செரிச்சல் என்ற சொல்லில் நெஞ்சு இருந்தாலும் அந்த எரிச்சலுக்கும் இதயத்துக்கும் தொடர்பில்லை. இரைப்பையின் அமிலம் உணவுக்குழாயில் மேலேறுவதால் உண்டாவது அது. பக்கவாதம் என்ற சொல்லோ கைகால் விழுந்துபோன பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, பழுது நேர்ந்த மூளையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. வலித்த இடத்தையும் கண்ணுக்குத் தெரிந்த மாற்றத்தையும் ஒட்டியே மக்கள் நோய்களுக்குப் பெயர் வைத்தார்கள் என்பதால் இதில் குறைகாண ஏதுமில்லை. ஆனால், வீட்டில் ஒருவர் திடீரென்று நோயுறும்போது சோடா வாங்கிக் கொடுப்பதா, 108ஐ அழைப்பதா என்பதைப் பல நேரங்களில் முடிவுசெய்வது சுற்றியிருப்பவர்கள் அந்த நோய்க்குச் சொல்லும் பெயர்தான்.

அந்த வகையில் ‘மாரடைப்பு’ நல்ல சொல். ‘ஹார்ட் அட்டாக்’ என்னும் ஆங்கிலச் சொல் ஏதோ தாக்கியது என்பதோடு நின்றுவிட, தமிழ்ச் சொல் அடைப்பு என்று காரணத்தையே சொல்லிவிடுகிறது. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கும் இதயம், தன் அறைகளுக்குள் நிரம்பி ஓடும் அந்த இரத்தத்திலிருந்து நேரடியாகத் தனக்கென எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். அதன் தடித்த தசைக்கு வேண்டியது, பெருந்தமனியின் தொடக்கத்தில் கிளைத்து இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் இதயத் தமனிகள் வழியாகத்தான் வருகிறது. தமனி என்பது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய். திரும்பக் கொண்டுவருவது சிரை. மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள இதயத் தமனிகளின் சுவருக்குள் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிந்துகொண்டே வந்து, ஒருநாள் அந்தப் படிவின் மேற்பரப்பு விரிசல் விட, அந்த விரிசலை மூடுவதற்கு வரும் தட்டணுக்கள் அங்கேயே திரண்டு, இரத்தம் உறைந்து, குழாயையே அடைத்துவிடுகிறது. வெட்டுக்காயத்தில் இரத்தப்போக்கை நிறுத்தி உயிரைக் காக்கும் அதே வேலைதான் இங்கே உயிருக்கு உலை வைக்கிறது.

இந்த அடைப்பின் வலி நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றிவைத்தாற்போல அழுத்துவதோடு, இடக்கைக்கும் தாடைக்கும் பரவுவதுண்டு. இதயத்தின் உணர்வு நரம்புகளும் கையின் உணர்வு நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் வந்து சேர்வதால், செய்தி எங்கிருந்து வந்தது என்பதை மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. இதயத்தின் கீழ்ப்பகுதி உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருப்பதால், அங்கே ஏற்படும் பாதிப்பு மேல்வயிற்று வலியாகவும் தெரியலாம். ‘வாயுப் பிடிப்பு’ என்ற பெயர் நுழைவது இங்கேதான். அந்தப் பெயரை நம்பி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கும் வேளையில் இதயத் தசை இறந்துகொண்டிருக்கும். நெடுநாள் சர்க்கரை நோயால் நரம்புகள் மங்கிப்போனவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் தோன்றுவதும் உண்டு. இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் ஈசிஜி, நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கருவியின் வழிவந்தது. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் ஐயம் தீராவிட்டால் மருத்துவர்கள் சிறிது நேரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள்.

திடீர்ச் சாவு எதுவாயினும் ‘மாரடைப்பால் காலமானார்’ என்று எழுதிவிடுவது செய்தித்தாள் வழக்கம். இதயம் திடீரென நின்றுபோவது வேறு. அதில் கீழறைகளின் மின் ஒழுங்கு குலைந்து, அவை சுருங்கி இரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்குவதே பெரும்பாலும் நிகழ்கிறது. மாரடைப்பு இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் மாரடைப்பு வந்தவர் பேசிக்கொண்டிருப்பார், இதயம் நின்றவரோ சில நொடிகளில் நினைவிழந்து விழுந்துவிடுவார். அப்போது அருகில் இருப்பவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்திக்கொண்டே இருந்தால், அந்த அழுத்தமே மூளைக்கு ஓரளவு இரத்தத்தை அனுப்பும். ‘ஹார்ட் ஃபெயிலியர்’ எனப்படும் இதயச் செயலிழப்பு மற்றொன்று: இதயம் நின்றுவிடவில்லை, இறைக்கும் வலு குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். பெயரைக் கேட்டுக் குடும்பமே அழத் தொடங்கும் அளவுக்கு அச்சமூட்டும் சொல் அது.

மூளைக்கு வரும்போது பெயர்ச் சிக்கல் இன்னும் கூடுகிறது. தமிழ்நாட்டில் பக்கவாதம், இலங்கையில் பாரிசவாதம். பாரிசம் என்றாலும் பக்கமே. வாதம் என்ற சொல் சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், கபம் என்ற வகுப்பிலிருந்து வந்தது. நோய் கைகாலில் இருப்பதாகப் பெயர் சொல்வதால் எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வேலை முதலில் நடக்கிறது. உண்மையில், உடல் எடையில் 2 விழுக்காடே இருந்துகொண்டு, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடும் மூளையில் ஒரு பகுதிக்கு இரத்தம் தடைப்பட்டதன் விளைவே அது. இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறிச் செல்வதால் இடப்பக்க மூளை பழுதானால் வலக்கை விழுகிறது. பெரும்பாலோருக்குப் பேச்சும் இடப்பக்க மூளையில் அமைந்திருப்பதால் கூடவே பேச்சும் போகிறது. ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச இயலாதிருந்த ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்த பால் புரோக்கா, பேச்சின் இருப்பிடத்தை 1861இல் பாரிசில் எடுத்துக்காட்டினார்.

பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூளைத் தமனி அடைபட்டிருக்கும், மற்றவர்களுக்கு அது வெடித்து இரத்தம் கசிந்திருக்கும். கோணிய வாயையும் தொங்கிய கையையும் பார்த்து எது என்று சொல்லிவிட முடியாது. உறைகட்டியைக் கரைக்கும் மருந்து முதல் வகைக்கு உயிர்கொடுப்பது, இரண்டாம் வகைக்கு நஞ்சு. அதனால்தான் மருந்துக்கு முன் சிடி ஸ்கேன் எடுக்கப்படுகிறது. கசிந்த இரத்தம் அதில் வெள்ளையாகத் துலங்கும். வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். கரைக்கும் மருந்துக்கான கெடு பொதுவாக நாலரை மணி நேரம். ஆகவே, நோயாளியை அழைத்து வந்தவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதையே. இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 5 மணிக்கு வாய் கோணி எழுந்தால், கணக்கு 5 மணியிலிருந்து தொடங்குவதில்லை. 10 மணியிலிருந்தே தொடங்குகிறது.