ஸ்பிரிட்டில் வெளுக்காத நிறம்

கடல் உயிர் ஒன்றின் உடலைப் பாதுகாத்துவிடலாம். நிறத்தைப் பாதுகாப்பதுதான் பெரும்பாடு. சென்னை மாகாணத்தில் வடசர்க்கார் பகுதிக்கு ஆணையராக இருந்த வால்டர் எலியட், வால்டேர் கடற்கரையில் ஓடில்லாக் கடல் நத்தைகளைச் சேகரித்தார். உயிரோடு இருக்கையில் ஆரஞ்சும் ஊதாவுமாக மின்னுகிற இந்த நத்தைகள், ஸ்பிரிட்டில் போட்டால் வெளுத்துச் சுருங்கிய சதைத் துண்டுகளாகிவிடும். அதனால் உயிர் இருக்கும்போதே அவற்றை வண்ணத்தில் வரைய ஏற்பாடு செய்தார். அந்தச் சேகரிப்பையும் படங்களையும் கொண்டு இங்கிலாந்தில் ஜோஷுவா ஆல்டரும் ஆல்பனி ஹான்காக்கும் 1864-இல் பல புதிய இனங்களை அறிவித்தார்கள். அவற்றில் ஒன்று கலிங்கா ஒர்னாட்டா. மங்கலான, பாதி ஒளி ஊடுருவும் உடலில் சிவந்த முடிச்சுகள் கொண்டது. மணலும் சேறுமான கடலடியில் ஊர்ந்து, மெல்லிய கைகளுள்ள நொறுங்கு நட்சத்திரங்களைத் தின்னும்.

அந்த ஓவியர்கள் செய்த வேலையைத்தான் இன்று கடலடிப் புகைப்படம் செய்கிறது. இது அழகுக்காக எடுக்கும் படம் மட்டுமல்ல. பல உயிர்களுக்கு அவற்றின் நிறத்தோடு மிஞ்சும் ஒரே சான்று அந்தப் படம்தான்.

ஓடில்லாக் கடல் நத்தைகளில் பெரும்பாலானவை விரல் நீளம்கூட இருக்காது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குச் சின்ன ஓடு உண்டு. வளரும்போது அதைக் கழற்றிவிடும். ஓடு இல்லாத மெல்லுடலிக்கு எது காவல்? நஞ்சு. பல இனங்கள் கடற்பஞ்சை மேய்ந்து, அதிலுள்ள வேதிப்பொருளைத் தங்கள் தோலில் சேர்த்துக்கொள்ளும். மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் ஃபிலிடியா வாரிகோசா என்னும் நத்தையை நெருங்கிப் பார்த்தால் கதை புரியும். கறுப்பு உடலில் நீலச் சாம்பல் வரப்புகள். வரப்பு நெடுக மருக்கள். ஒவ்வொரு மருவின் உச்சியிலும் மஞ்சள் பொட்டு. தலையில் இரண்டு மஞ்சள் கொம்புகள். தொந்தரவு செய்தால் இது கசியவிடும் சளி, மீன் தொட்டியில் கூட இருக்கும் மீன்களைக் கொன்றுவிடும். ‘என்னைத் தின்னாதே’ என்று மீனுக்குச் சொல்லும் அறிவிப்புதான் இந்த நிறம். அந்த அறிவிப்பை நத்தையால் படிக்க முடியாது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. அதன் கண்ணுக்கு வெளிச்சம், இருட்டு என்ற அளவுக்குமேல் எதுவும் தெரியாது. இணையைத் தேடுவதும் இரையைத் தேடுவதும் அந்தக் கொம்புகளால் நீரை மோப்பம் பிடித்துத்தான்.

இவ்வளவு நிறம் இருந்தும் கீழே இறங்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாமே நீலமும் சாம்பலுமாகத்தான் தெரியும். சூரிய ஒளியில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்குகிறது. ஐந்து மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கும். அதற்கும் கீழே போனால் ஆரஞ்சு, பிறகு மஞ்சள். கடைசிவரை தாக்குப்பிடிப்பது நீலம். மேலிருந்து கீழே வரும் தொலைவு மட்டும் கணக்கல்ல. உயிரிலிருந்து கேமராவுக்கு ஒளி கடக்கும் தண்ணீரும் சேர்ந்து நிறத்தைத் தின்கிறது. அதனால் படமெடுப்பவர் ஃபிளாஷைக் கையோடு கொண்டுபோய், முழத் தூரத்துக்குள் நெருங்கி எடுக்கிறார். தண்ணீரில் மிதக்கும் தூசியில் ஃபிளாஷ் பட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் விழும். அதைத் தவிர்க்க ஃபிளாஷைக் கேமராவின் தலைமேல் வைக்காமல், இருபுறமும் நீண்ட கைகளில் விலக்கிப் பொருத்துவார்கள். ஆற்று வண்டல் கலங்கிவரும் நம் கிழக்குக் கரையில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். கடலடியில் முதல் வண்ணப்படங்களை 1926-இல் ஃபுளோரிடா பக்கம் எடுத்த வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் ஒளிக்காக நீர்மட்டத்தில் ஒரு மிதவையின்மேல் மக்னீசியம் பொடியை வெடிக்க வைத்தார்கள். இன்று அந்த வெளிச்சம் உள்ளங்கை அளவு விளக்கிலிருந்து வருகிறது.

அப்படியானால் ஃபிளாஷ் காட்டும் சிவப்பு பொய்யா? பொய்யல்ல. ஆனால் ஆழத்தில் வாழும் மீன் அதைப் பார்ப்பதில்லை. இருபது மீட்டரில் சிவந்த மீன் கறுத்துத் தெரியும். அங்கே சிவப்பு என்பதே ஒளிந்துகொள்ளும் நிறம். படத்தைப் பார்க்கிறவர் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தை நொடியில் மாற்றிக்கொள்ளும் உயிரும் நம் கடலில் உண்டு. மன்னார் வளைகுடாவில் சேதுக்கரை அருகே கடற்புல் வெளியை ஆய்வு செய்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், அரிதான ஒரு தேள்மீனைக் கண்டதாக 2020-இல் தெரிவித்தார்கள். முதலில் பார்த்தபோது சிப்பி படர்ந்த பவளத் துண்டு என்றே தோன்றியிருக்கிறது. சீண்டியதும் வெள்ளைத் தோல் சில நொடிகளில் பழுப்புத் திட்டுகளாக மாறியது. முதுகு முள்ளில் நஞ்சுள்ள மீன் அது. இத்தகைய உயிரை வலையில் பிடித்துக் கரையில் கிடத்திப் படமெடுத்தால், இந்த மாற்றம் எதுவுமே தெரியவராது.

சென்னையை அடுத்த மண்ணூர், ஒரகடம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அருகிலுள்ள கடல் சென்னைக் கரைதான். முக்குளிக்கும் உடுப்பு இல்லாமலேயே ஓடில்லாக் கடல் நத்தைக் குடும்பத்தின் உறவினர் ஒருவரை அங்கே பார்க்க வாய்ப்பு உண்டு. மிக்ஜாம் புயல் கடந்த பிறகு, 2023 டிசம்பரில், பெசன்ட் நகர்க் கடற்கரையில் நீல டிராகன்கள் ஒதுங்கின. கிளாக்கஸ் என்னும் இதுவும் ஓடில்லாக் கடல் நத்தைதான். மூன்று சென்டிமீட்டருக்குமேல் வளர்வது அரிது. வயிற்றில் காற்றை விழுங்கிக்கொண்டு, நடுக்கடலில் மல்லாந்து மிதக்கும். மேலே தெரிகிற நீலம் அதன் அடிப்புறம். பறவைக்கு அது கடலோடு கலந்துவிடும். கீழே திரும்பியிருக்கும் முதுகு வெள்ளிச் சாம்பல். கீழிருந்து பார்க்கிற மீனுக்கு அது வானத்து வெளிச்சத்தில் மறைந்துவிடும். மிதந்து திரியும் ஃபைசேலியா என்னும் கொட்டும் உயிரைத் தின்று, அதன் கொட்டணுக்களை வெடிக்காமல் எடுத்துத் தன் விரல் போன்ற நீட்சிகளின் நுனிகளில் அடுக்கிவைத்துக்கொள்ளும். கையில் எடுத்தால் அந்த நுனிகள்தான் கொட்டும். ஒதுங்கி நெடுநேரம் ஆன பிறகும் கொட்டும்.

கைப்பேசியே இதைப் படமெடுக்கப் போதும். மணலில் கிடக்கும் கிளாக்கஸ் சுருண்ட நீலத் துணுக்காகத்தான் இருக்கும். ஒரு கோப்பையால் அள்ளி, கடல்நீர் நிரம்பிய வெள்ளைத் தட்டில் விட்டால் விரல்களை விரிக்கும். ஈரத்தோலில் வெளிச்சம் தெறிக்காமலிருக்க நிழலில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுக்கலாம். அளவு தெரிய ஒரு நாணயத்தைத் தட்டின் வெளியோரம் வைத்துவிட்டு, நாளும் இடமும் குறித்துக்கொண்டால், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் சேர்க்க ஏற்ற பதிவாகிவிடும். வேலை முடிந்ததும் அதே கோப்பையால், விரல் படாமல், கடலில் விட்டுவிடலாம்.