கம்ப்யூட்டர் சொல்வதும் புல்லி காட்டுவதும்

பழைய காரை விற்க மனம் வராத குடும்பங்கள் நம்மவர்களிடையே ஏராளம். மும்பை குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்று வெளிவந்து, பின்னர் பத்மினி என்று பெயர் பெற்ற கார்தான் மாட்டுங்கா, சயான், செம்பூர்ப் பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் முதல் கார். 2023 அக்டோபர் 30-ந் தேதியோடு மும்பையின் பத்மினி டாக்சிகள் விடைபெற்றுவிட்டன. ஆனால் உறை போர்த்தப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கப்படும் சொந்தப் பத்மினிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன.

அந்த வீடுகளில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்தப் பேச்சு எழும்: "அப்பா, இந்த டெல்கோவையும் பிளாட்டினம் பாயிண்டையும் எடுத்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வைத்துவிடலாம்." கார் கம்பெனி பொருத்தாமல், நாமே வாங்கிப் பொருத்தும் என்ஜின் கம்ப்யூட்டர்கள் இப்போது பல கிடைக்கின்றன. 2001-ல் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் வீட்டிலேயே உதிரிகளைக் கோத்துச் செய்துகொள்ளும்படி வெளியிட்ட 'மெகாஸ்குவர்ட்' இவற்றில் பெயர் பெற்றது. பிள்ளைகளின் ஆர்வம் நல்லதே. ஆனால் இந்த வேலையில் இறங்கும் பலரையும் திணறடிக்கும் கோளாறு ஒன்று உண்டு. அதுதான் இக்னிஷன் டைமிங் இடம் மாறுவது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பார்ப்போம்.

டைமிங் என்பது என்ன?

பிஸ்டன் மேலே வந்து சேரும் உச்சிப் புள்ளியை மெக்கானிக்குகள் டி.டி.சி. என்பார்கள். பெட்ரோல் கலவை முழுவதும் எரிந்து முடியச் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரி முன்னதாகவே பிளக்கில் பொறி விழ வேண்டும். அப்போதுதான் உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 15 டிகிரியில் அழுத்தம் மிகுந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். பொறி அளவுக்கு மீறி முந்தினால் 'டக் டக்' என்று நாக்கிங் சத்தம் கேட்கும். நாளடைவில் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். பிந்தினால் இழுவை குறையும், என்ஜின் சூடாகும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும், பெட்ரோல் செலவு ஏறும்.

இதில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று, அதாவது 18,000 டிகிரி. ஒரு டிகிரிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் 18,000-ல் ஒரு பங்குதான். எங்கோ ஓரிடத்தில் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தாமதம் நேர்ந்தாலும் 1,000 சுற்றில் அது 0.6 டிகிரி, 5,000 சுற்றில் 3 டிகிரி. அதே தாமதம் வேகம் ஏற ஏறப் பெரிய பிழையாகிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

திரையில் வரும் எண்ணை நம்பலாமா?

லேப்டாப்பை இணைத்தால் '10 டிகிரி' என்று திரையில் அழகாகத் தெரியும். அது கம்ப்யூட்டர் கொடுக்க நினைக்கும் டிகிரி. பொறி உண்மையில் எங்கே விழுந்தது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கிராங்க் புல்லியில் பொருத்திய பல்சக்கரத்தையும் அதன் அருகில் உள்ள சென்சாரையும் நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது. 36 பல் வைக்கும் சக்கரத்தில் ஒரு பல்லை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் 10 டிகிரி. 60-ல் இரண்டை விட்டால் பல்லுக்கு 6 டிகிரி. காலியிடம் வரும்போது 'இதோ ஒரு சுற்று முடிந்தது' என்று கம்ப்யூட்டர் அறிந்துகொள்கிறது.

பொறி எங்கே விழுந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி டைமிங் லைட் ஒன்றே. அதன் கிளிப்பை முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்டினால், பொறி விழும் ஒவ்வொரு முறையும் விளக்கு மின்னும். அந்த ஒளியில் புல்லியின் குறி அசையாமல் நிற்பதுபோல் தெரியும்.

சோதிக்கும் முறை

முதலில் புல்லியின் குறி சரிதானா என்று பாருங்கள். சில கார்களில் புல்லியின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும். வயதானால் வளையம் நழுவிக் குறியே பொய் சொல்லும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, முதல் சிலிண்டரின் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் ஸ்டாப்பரைத் திருகிப் பொருத்தி, கிராங்கை ஸ்பானர் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிஸ்டன் தட்டி நிற்கும் இடத்தைப் புல்லியில் குறித்து, எதிர்ப்பக்கமாகவும் சுற்றி மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான டி.டி.சி. இதற்கு செல்ஃப் ஸ்டார்ட்டரை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து, டைமிங்கைக் கம்ப்யூட்டரில் 10 டிகிரி என்று நிலையாகப் பூட்டிவிடுங்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இதற்கு வசதி உண்டு. பிறகு 1,000, 2,000, 3,000, 4,000 சுற்றுகளில் டைமிங் லைட் காட்டுவதை ஒரு தாளில் எழுதுங்கள். சாதாரண டைமிங் லைட்டே போதும். டயல் வைத்த லைட்டானால், சுற்றுக்கு ஒருமுறை பொறி விடும் இரட்டைக் காயிலில் அது டிகிரியை இரட்டிப்பாகக் காட்டி ஏமாற்றக்கூடும்.

தாளில் என்ன தெரிகிறது?

எல்லா வேகத்திலும் ஒரே அளவு வித்தியாசம் இருந்தால், பல்சக்கரம் எங்கே தொடங்குகிறது என்று கொடுத்த எண் தவறு. அதைத் திருத்தினால் முடிந்தது.

வேகம் ஏற ஏற டைமிங் சீராகப் பின்வாங்கினால் அது தாமதம். மேலே சொன்ன கணக்கு இதற்குத்தான். தாமதத்தை ஈடுகட்டும் எண் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அதற்கு முன், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சென்சாரானால் அதன் இரு ஒயர்களும் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சரியாக மாட்டினால், பல்லின் நடுப்பகுதி கடக்கும்போது வோல்டேஜ் சட்டென்று பூஜ்யத்தைத் தாண்டும். கம்ப்யூட்டர் அந்த நொடியைப் பிடித்துக்கொள்ளும். மாற்றி மாட்டினால், பற்களுக்கு இடையே மெதுவாக ஏறும் பகுதியைப் பிடிக்கும். வேகத்தோடு அந்தப் புள்ளி இடம் மாறும்.

வேகம் ஏற ஏற டைமிங் பெருமளவு முன்னால் ஓடி, காயிலும் கை வைக்க முடியாதபடி கொதித்தால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். காயிலில் மின்சாரம் நிரம்பி முடியும்போது விழவேண்டிய பொறி, நிரம்பத் தொடங்கும்போதே விழுகிறது என்று பொருள். நிரம்ப 3 மில்லிசெகண்ட் என்றால் 1,000 சுற்றில் 18 டிகிரி பிழை, 2,000 சுற்றில் 36 டிகிரி. கம்ப்யூட்டரில் பொறிக்கான சிக்னல் தலைகீழாக அமைக்கப்பட்டிருக்கும்.

திடீரென்று 10 டிகிரியோ 6 டிகிரியோ தாவினால் கம்ப்யூட்டர் ஒரு பல்லைத் தவற விடுகிறது. குறி நிற்காமல் நடுங்கினால் எர்த் இணைப்பு, சென்சார் இடைவெளி, ரெசிஸ்டன்ஸ் இல்லாத பிளக் ஒயர், டெல்கோவை வைத்தே ஓட்டினால் அதன் ஷாப்ட்டின் ஆட்டம், டைமிங் செயினின் தளர்ச்சி என்று வரிசையாகப் பாருங்கள். என்ஜின் சூடான பிறகு மட்டும் மாறினால் சென்சாரைப் பிடித்திருக்கும் பிராக்கெட் தளர்ந்திருக்கலாம்.

பூட்டியபோது எல்லா வேகத்திலும் 10 டிகிரி நின்று, பூட்டைத் திறந்ததும் மாறுகிறதா? அது கோளாறே இல்லை. சூட்டுக்கும் ஐட்லிங்குக்கும் ஏற்பக் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே மாற்றுகிறது.

ஒரு பத்மினியின் கதை

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகன் அப்பாவின் பத்மினிக்குக் கம்ப்யூட்டர் வைத்தார். ஊருக்குள் நன்றாக ஓடிய கார் கண்டாலா மலைப்பாதையில் இழுக்கவில்லை. மகன் டேபிளில் மேல் வேகத்துக்கு டிகிரியைக் கூட்டினார். சிறிது இழுத்தது, சில நாளில் நாக்கிங்கும் வந்தது. காட்டிய இடத்தில் "போர் தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்க வேண்டும்" என்றார்கள். ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. காரை விற்றுவிடுவது என்று வீட்டில் முடிவாயிற்று.

விற்பதற்கு முன், டாக்சி பத்மினிகளையே வாழ்நாளெல்லாம் பார்த்த தாராவி மெக்கானிக் ஒருவரை அழைத்துக் காட்டினார் அப்பா. அவர் லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், கம்ப்யூட்டர் பத்துங்குது. புல்லிகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?" என்றபடி டைமிங் லைட்டை எடுத்தார். பூட்டிய 10 டிகிரி, 1,000 சுற்றில் 10, 2,000-ல் 8, 3,000-ல் 6, 4,000-ல் 4.

"தம்பி, சென்சார் ஒயர் ரெண்டையும் மாத்திப் போடுங்க" என்றார். மாற்றியதும் எல்லா வேகத்திலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தது. தொடக்க எண்ணைத் திருத்தியதும் நான்கு வேகத்திலும் 10 நின்றது. மகன் தாம் கூட்டிய டிகிரிகளை எல்லாம் பழையபடி குறைத்தார். என்ஜினை இறக்க வேண்டிய தேவை வரவில்லை. கார் இன்றும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.

சில எச்சரிக்கைகள்

மூடிய கராஜில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வேட்டி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் ஃபேன் பெல்ட் அருகே வரக் கூடாது. டைமிங் லைட்டில் சுழலும் ஃபேன் நிற்பதுபோலவே தோன்றும், கையை நீட்டிவிடாதீர்கள்.

வீட்டுப் பிள்ளைகள் லேப்டாப்போடு காரடியில் உட்கார்ந்திருந்தால் தடுக்க வேண்டாம். டேபிளில் ஒரு டிகிரியையும் தொடுவதற்கு முன், நான்கு வேகங்களின் கணக்கை எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் என்ஜினை இறக்க வேண்டும் என்றாலும் அந்தத் தாளையே முதலில் கேளுங்கள். அதை எழுத அரை மணி நேரமும் ஒரு டைமிங் லைட்டும் போதும்.