ஒரே ஒரு வீச்சு – 9: தாண்டிக் குதித்த சீடன்

ஒசோட்டோ கரி வீச்சுக்காக மரத்தோடு மோதிக்கொண்டிருந்த கிமுரா மசஹிகோவைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் எதிராளியின் சட்டைக் கையை இழுக்கும் கையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் கானோ ஜிகோரோ வந்து குறுக்கே நின்றுவிட்டார்.

ஜூடோவைப் படைத்த கானோ, 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் கோடோகானைத் தொடங்கினார். அவருக்குப் பிடித்த வீச்சு உகி கோஷி. எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, அவரை முன்னால் சாயவைத்து, தன் இடுப்பைப் பாதி நுழைத்து ஒரு திருப்பு. தூக்குவதே கிடையாது. சீடர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள்.

சைகோ ஷிரோ மட்டும் விழுந்தபடியே யோசித்தார். குருவின் இடுப்பு திரும்பும் நொடியில் அதைத் தாண்டிக் குதித்து, மறுபக்கம் காலூன்றி நின்றுவிட்டார். வேறொருவராக இருந்தால் அந்த வீச்சையே கைவிட்டிருப்பார். கானோ தன் காலை நீட்டி, குதிக்க எழும் கால்களை மேல்நோக்கிப் பெருக்கித் தள்ளினார். அதுதான் ஹராய் கோஷி. சைகோ அதற்கும் வழி கண்டார்: குதிக்காமல் உடம்பைப் பின்னால் வளைத்து முரண்டு பிடித்தார். கானோ இன்னும் தாழ இறங்கி, கழுத்துப்பட்டியைத் தூக்கி இழுத்து வீசினார். அது சுரிகோமி கோஷி.

என்னைத் துள்ளவைத்தது இதுதான். கறுப்புப் பட்டைக்காரர்கள் பயிலும் நாகே நோ கதாவில் 15 வீச்சுகள். அவற்றில் இடுப்பு வீச்சுகள் மூன்று: உகி கோஷி, ஹராய் கோஷி, சுரிகோமி கோஷி. அதே வரிசை! குருவும் சீடனும் மல்லுக்கட்டிய கதையை இன்றும் பாய்மேல் படிப்படியாக நடித்துக் காட்டுகிறார்கள்.

இந்தச் சைகோவை மனத்தில் வைத்து நாவல் எழுதியவர் தொமிதா த்சுனேயோ. கானோவின் முதல் சீடருடைய மகன். அந்த 'சன்ஷிரோ சுகாதா'தான் 1943இல் குரோசாவாவின் முதல் படமானது.

பயிற்சிக்கு வருகிறேன். உச்சிகோமியில் வீசாமல் நுழைந்து நுழைந்து திரும்புகிறோம். கால் வைக்கும் இடமும் வேகமும் அதில்தான் படியும். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அசையாமல் நிற்கும் துணைவர், நம் வீச்சில் ஓட்டை எங்கே என்று காட்டமாட்டார். மரமும் காட்டாது. சில சுற்றுகளாவது அவரைத் தப்பிக்கச் சொல்லுங்கள். ஒருநாள் குதிக்கட்டும், ஒருநாள் பின்னால் வளையட்டும். அவர் எந்தப் பக்கம் நழுவுகிறாரோ அந்தப் பக்கத்துக்கு உங்கள் காலோ கையோ போயாக வேண்டும்.

இழுக்கும் கை அடுத்த வாரம். கோகா தோஷிஹிகோவிடமிருந்து தொடங்குகிறேன். 1990இல், எடைப் பிரிவே இல்லாத அகில ஜப்பான் போட்டியில் தன்னைவிட மிகவும் கனத்தவர்களுக்கு நடுவே இறுதிவரை வந்தவர் அவர்.