பிரசவத்தோடு ஆபரேஷன்: முடிவு யாருடையது?

பிழைப்புக்காக மும்பை, டில்லி, பெங்களூரு என்று வந்து சேர்ந்த நம்மவர்களில் பலர், பிரசவத்துக்கு மனைவியை ஊருக்கு அனுப்பி விடுவார்கள். இரண்டாவது குழந்தை பிறந்ததும் அங்கேயே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் முடிந்து விடும். பிறகு கைக்குழந்தையோடு ரயிலேறி வந்து சேருவார்கள். கணவர் லீவு போட வேண்டியதில்லை, மாமியாருக்கும் நிம்மதி. ஆனால், ஆபரேஷன் மேஜையில் படுக்கப் போகிறவளிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். இந்தியா முழுவதும் 100க்கு சுமார் 38 பேர். கணவர் செய்து கொண்டதோ ஆயிரம் தம்பதியரில் மூன்று பேர்தான்!

கர்ப்பப்பையையே எடுத்து விடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி இல்லை. கருமுட்டை வரும் குழாய்கள் இரண்டையும் கட்டி நறுக்குகிறார்கள், அவ்வளவே. மாதவிலக்கு வழக்கம் போல் வரும். பிரசவமான ஏழு நாளுக்குள் கர்ப்பப்பை மேலேறி நிற்பதால் தொப்புளுக்குக் கீழே சிறு கீறல் போதும். அதை விட்டால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். டாக்டர்கள் அவசரப்படுத்துவது இதனால்தான்.

சுலபம்தான், ஆனால் நிரந்தரம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் கடற்கரைத் தாய்மார் பலர், ஆபரேஷன் செய்து கொண்டிருந்தவர்கள். குழாயை மறுபடி இணைக்கும் சிகிச்சைக்குத் தமிழக அரசு உதவியது. சிலருக்கு மீண்டும் குழந்தை பிறந்தது. எல்லோருக்கும் பலிக்கவில்லை. "வேண்டுமானால் திருப்பிக் கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கணவன்மார் ஏன் முன்வருவதில்லை? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஒரே ஆண்டில், 80 லட்சம் பேருக்கு மேல் ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலோர் ஆண்கள், கட்டாயத்துக்கு ஆளானவர்கள் ஏராளம். அந்தக் கசப்புக்குப் பின் சுமை முழுதும் பெண் தலையில் விழுந்தது. உண்மையில் ஆணுக்குச் செய்வதுதான் எளிது. வயிற்றைத் திறக்க வேண்டாம். அன்றே வீடு திரும்பலாம். மூன்று மாதம் மட்டும் வேறு தடுப்பு முறை வேண்டும். மூட்டை தூக்க முடியாது, ஆண்மை போய் விடும் என்பதெல்லாம் வெறும் புரளி.

பெண்தான் செய்து கொள்வது என்று முடிவானால், கர்ப்பமாக இருக்கும்போதே பேசித் தீர்க்க வேண்டும். வலியில் துடிக்கிறவளிடம் காகிதத்தை நீட்டி வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகுமா? மத்திய அரசின் விதிமுறைப்படி அவள் சம்மதம்தான் முக்கியம். கணவர் கையெழுத்து கட்டாயமில்லை. இந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே செய்து கொண்டால் படிவம் இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ இருக்கும். புரியும் பாஷையில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம். அது அவள் உரிமை.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. அதற்குள் ரயில் பயணமும் வேண்டாம். அரிதாக, 200 பேரில் ஒருவருக்கு, மறுபடி கரு தங்குவதுண்டு. மாதவிலக்கு தள்ளிப் போனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் செய்து கொண்டவர்கள் நஷ்டஈடு கேட்பதற்கு ஆபரேஷன் சான்றிதழ் வேண்டும். ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.