அங்கக் குறைவும் அரசாங்க உரிமையும்

எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றில் நோயுற்றோர் யாவரும் அரசாங்கச் சலுகைக்கு உரியவராவரோ? ஆகார். 2016-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டப்படி, நோயின் பெயர் மட்டும் போதாது; அதனால் அங்கங்களின் தொழில் எவ்வளவு குன்றியதென்பதே கணக்கு. மூட்டின் அசைவு, தசையின் வலிமை முதலியவற்றைச் சோதித்து, குறைவு நூற்றுக்கு 40-க்குக் குறையாதென மருத்துவ அதிகாரிகள் சான்றளித்தல் வேண்டும். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவரும், தசைச்சிதைவு நோயினரும் இவ்வாறே சான்று பெறலாம். பெற்றார்க்குப் பயன் யாதெனில், எல்லாவகைக் குறைவுடையார்க்குமாக, அரசாங்கக் கல்லூரிகளிலும் அதன் உதவி பெறும் கல்லூரிகளிலும் நூற்றுக்கு 5 இடங்களுக்குக் குறையாமலும், அரசாங்க உத்தியோகங்களில் 4-க்குக் குறையாமலும் ஒதுக்கப்படுதல் வேண்டும். சான்று மறுக்கப்படின் மேல்முறையீடும் உண்டு. நாணத்தால் குறையை மறைப்போர் இவற்றையெல்லாம் இழக்கின்றனர். நம் தோழருள் அத்தகையார் உளரேல், விண்ணப்பம் எழுதவும், வைத்தியசாலைக்கு உடன் செல்லவும் துணைநிற்பது நம் கடன்.